ராசிக்காரருக்கு லீவு கிடையாது

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. கேமராவைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை மட்டும் தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருக்கிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி தேவலையா?

வந்து சேர்ந்த இடத்தின் பெயரை எழுதக் கூடாது. ஒரு நீரேற்று நிலையம் என்று மட்டும் சொல்லலாம். ஆள் நுழையும் அளவு குழாய்கள் சுவருக்குச் சுவர் ஓடுகின்றன. தண்ணீர் நின்று வெகுகாலம் ஆகிறது. குழாய்களுக்கு நடுவில் சிப்பாய்ப் பையன்கள் படுத்துக்கொள்கிறார்கள். சுவர் தடிமன் என்பதால்தான் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஜன்னல் என்று ஒன்று இல்லை.

வந்ததும் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கிருந்து சிக்னல் வெளியே போனால் பதிலுக்குக் குண்டு வருமாம். அதனால்தான் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட உறை ஒட்டத் தெரியாத உன் தம்பி உனக்குக் கடிதம் எழுதுகிறான். சாப்பாட்டு லாரி திரும்பிப் போகும்போது மெமரி கார்டும் கடிதமும் அதில் போகும். வழியில் ஓர் அதிகாரி எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பார். அவருக்கும் என் வணக்கம்.

பையன்கள் முதல் நாளே என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "ஏண்ணே, நாங்கதான் மாட்டிக்கிட்டோம். நீங்க எதுக்கு வந்தீங்க, வீட்ல சண்டையா?" என்று கேட்டவன் பெயர் பாட்டுக்காரன். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பான். தோட்டாவையும் ரொட்டியையும் எண்ணிப் பங்கு போடுகிறவன் கணக்கு. முதலுதவிப் பெட்டியைச் சுமக்கிறவன் டாக்டர். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான். கேப்டன் அதிகம் பேச மாட்டார்.

இரண்டு மாத ஒப்பந்தம்தானே, ஓடிவிடும். கழுத்துக்கு ஒத்தடம் கொடு.

தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். கழுத்து அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து உட்கார்கிறவளுக்கு அது எங்கே போகும்?

கார்டுகள் வந்தன. எனக்குக் கொடுத்திருக்கும் எடிட்டிங் அறைக்கும் ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டினால் உன் குழாய்களுக்கு நடுவில் நானும் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு குறை. போர்முனைச் சிப்பாய்களோடு தங்கியிருக்கும் நிருபரைப் பற்றிய படம் இது. நிருபரைத்தான் காணோம்! கேமராவுக்குப் பின்னால் உன் மூச்சு மட்டும் கேட்கிறது. யார் கையிலாவது கேமராவைக் கொடுத்து உன்னையும் எடுக்கச் சொல்.

இன்னொன்று. பையன்கள் ரோந்துக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும் காட்சிகள் இருக்கின்றன அல்லவா, அவை எல்லாவற்றிலும் படம் துள்ளுகிறது. ஒவ்வொரு ஆள் தாண்டும்போதும் ஒரு துள்ளல். உன் கை நடுங்குகிறதா? காய்ச்சலை மறைக்கிறாயா? சின்ன வயதில் அம்மை போட்டதையே சட்டைக்குள் மறைத்தவன் நீ. உண்மையைச் சொல்.

தயாரிப்பாளர் உன் காட்சிகளைப் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பத்திரம்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சலும் இல்லை, நடுக்கமும் இல்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

அந்தத் துள்ளலை நீ கண்டுபிடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வெளியே போகிற ஒவ்வொருவனும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறான். நான் வருவதற்கு முன்பு இங்கே வாரத்துக்கு ஒருவர் குறைந்துகொண்டிருந்தார்களாம். நான் வந்த பிறகு ஒருவரும் குறையவில்லை. கணக்குதான் முதலில் சொன்னான், "அண்ணன் கால் வச்ச ராசிடா" என்று. இப்போது என் பெயரே ராசிக்காரர் ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டுதான் தட்டுகிறார்கள். ஆனால் தட்ட மறந்தவன் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறான்.

போன வாரம் பாட்டுக்காரனுக்குத் தொடையில் குண்டு பட்டது. "தொடையோட போச்சு. அண்ணன் இங்க இல்லேன்னா நெஞ்சுல பட்டிருக்கும்" என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அவன் பாட்டை நிறுத்தவில்லை. லாரிக்குள்ளிருந்து கையாட்டினான். அந்தக் காட்சி இந்தக் கார்டில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து ராணுவ மருத்துவமனையில்தான் அவனைச் சேர்த்திருப்பார்கள். கேமராவோடு போய் அவனிடம் ஒரு பேட்டி எடு. படத்தில் அவனைப் பார்க்க வேண்டும் என்று பையன்கள் ஆசைப்படுகிறார்கள். இதை அடிக்கோடு போடச் சொல்லி கணக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். போட்டுவிட்டேன்.

தம்பி

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் தோள் எப்படி இருக்கிறது என்று இனிமேல் கேட்கவே பயமாக இருக்கிறது.

படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. உன் ஒப்பந்தமும் முடியப்போகிறது. அடுத்த லாரியில் ஏறி வந்துவிடு. தயாரிப்பாளர் மட்டும், "முடிவே இல்லையேம்மா. பெருசா ஒரு தாக்குதல் வரட்டுமே, அதுவரைக்கும் தம்பி இருக்கட்டும்" என்றார். "அவன் என் தம்பி சார், உங்க க்ளைமாக்ஸ் இல்ல" என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

ராசி பற்றி நீ எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராசி என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அவரை யார் விடுவார்கள்?

பாட்டுக்காரன் விஷயம் அடுத்த கடிதத்தில்.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ கோபப்படாமல் இருந்தால் அதுவே எனக்குப் பாதி ஆரோக்கியம்.

லாரி வந்தது. பையை ஏற்றினேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் விட்டேன். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். டாக்டர் வந்து, "நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணே" என்றான். பிறகு வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். அன்று சாயங்காலம் அவர்களுக்கு ரோந்து இருந்தது. கேப்டன் தூணோரம் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர், "சார், வர்றீங்களா, இறங்குறீங்களா? இருட்டுறதுக்குள்ள நான் பாலத்தைத் தாண்டணும்" என்றான். ஒரு லென்ஸ் உள்ளே மறந்துபோயிற்று என்று சொல்லி இறங்கினேன். பை மட்டும் போய்விட்டது. அடுத்த லாரியில் திரும்பி வந்துவிட்டது.

இன்னும் ஒரு காட்சி பாக்கி என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிடு.

மருத்துவமனைக்குப் போனாயா? பாட்டுக்காரன் நடக்கிறானா? உன் கடிதங்களை நான் இங்கே சத்தமாகத்தான் படிக்கிறேன். இவர்களுக்கு வருகிற கடிதங்கள் குறைவு, அதனால் நீ எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாய். இப்போதும் சுற்றி உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார்கள். மறக்காமல் பாட்டுக்காரனைப் பற்றி எழுது.

தம்பி

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதே. தனியாகப் போய்ப் படி.

உன் மார்ச் மாதக் கடிதம் கிடைத்த வாரமே மருத்துவமனைக்குப் போனேன். வார்டில் இருந்த நர்ஸ் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் நிறையப் போயிருந்ததாம். வந்து சேர்ந்த மறுநாளே முடிந்துவிட்டது.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுத்த கடிதம், அடுத்த கடிதம் என்று தள்ளிப் போட்டேன். போன வாரம் அவன் மனைவியின் வீட்டைத் தேடிப் போனேன். சின்னப் பெண். கேமராவைப் பார்த்து அழவில்லை. "கடைசியா என்ன பாட்டுப் பாடினார்னு உங்க படத்துல இருக்காக்கா?" என்று கேட்டாள். லாரியிலிருந்து கையாட்டும் காட்சியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தாள். "எப்பவும் போல சுருதி இல்லாமத்தான் பாடியிருக்கார்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

தம்பி, உன் பக்கத்தில் யாரும் சாகவில்லை என்பது பொய். பையன்களிடம் சொல். சொல்லிவிட்டு லாரியில் ஏறு. இதற்கு மேல் உன்னை அங்கே என்ன கட்டிப் போட்டிருக்கிறது?

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

அக்கா

ஏப்ரல் 27

மதிப்புக்குரிய சகோதரி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடிதங்களைப் படித்து அனுப்பும் அதிகாரி எழுதுகிறேன். என் வேலையில் பதில் எழுதும் வழக்கம் கிடையாது. இது முதல் தடவை.

தங்களின் 19ஆம் தேதிக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இறப்புச் செய்தி கேப்டன் மூலமாக மட்டுமே பையன்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. கேப்டன் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் தம்பிக்கு அந்த இறப்புச் செய்தி முன்பே தெரியும். செய்தி வந்தபோது அவர் கேப்டனின் அறையில்தான் இருந்திருக்கிறார். அன்று நிலையத்தின் மேல் இடைவிடாமல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பையன்கள் நொறுங்கிப் போவார்கள், ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டவரே அவர்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

கடிதங்களை மட்டுமே நான் நிறுத்த முடியும். தங்கள் படம் தலைமையகத்தில் வேறு மேஜைக்குப் போகிறது. அங்கே வரைபடம், ஆயுதம், இடத்தின் அடையாளம் இவை தெரிகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். பிறகு படத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

என் மனைவியின் கையெழுத்தைவிடத் தங்கள் இருவரின் கையெழுத்தும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அதிகாரி

மே 3

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. இதையும் சத்தமாகப் படிக்காதே. கேட்டால் வாயில் வந்ததைப் படித்துக் காட்டு.

நான் எழுதிய ஒரு கடிதம் உன்னிடம் வரவில்லை. அதில் என்ன இருந்தது என்று உனக்கே தெரியும். தெரிந்துகொண்டே "பாட்டுக்காரன் நடக்கிறானா" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு ஞாபகத்துக்கு வந்தான். நீ வேறு எப்படித்தான் எழுதுவாய்!

படத்தை முடித்து அனுப்பிவிட்டேன். பாட்டுக்காரனின் மனைவி அதில் இருக்கிறாள். எடுத்துவிடச் சொல்லித் தயாரிப்பாளர் கேட்கவில்லை. அவருக்கு முடிவு கிடைத்துவிட்டது. முடிவுக்காக நான் அவளை வைக்கவில்லை. இருபது வருடமாக வெட்டுவதும் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. ஒரு நொடியைத் தள்ளி வைத்தால் ஒரு ஆள் சொன்ன சொல்லே மாறிப்போகும் என்று தெரிந்தவள் நான். கையாட்டும் காட்சியோடு நிறுத்தினால் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று நானும் சொன்னதாக ஆகிவிடும்.

பையன்கள் கோபப்படுவார்கள். படட்டும். இவன் ராசிக்காரனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று சட்டையைப் பிடித்து உன்னை லாரியில் ஏற்றட்டும். நான் வாசலில் நிற்கிறேன்.

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒரு குழாய்க்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மட்டும்தான் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. உடம்பு கிடக்கட்டும். நீ எப்படி இருக்கிறாய்?

சுவரில் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். தங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். பாட்டுக்காரனின் மனைவி வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. படம் முடிந்த பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை. நானே எழுந்து போட்டேன். போட்டுவிட்டு, அடிக்கட்டும் என்று நின்றேன்.

கணக்கு சொன்னான், "எங்களுக்குத் தெரியும்ணே. லாரி டிரைவர் அப்பவே சொல்லிட்டான். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவீங்கன்னுதான் நாங்க வாயைத் திறக்கல."

நான் அவர்களிடமிருந்து மறைக்க, அவர்கள் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "அப்போ ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லடா, பாத்தீங்கல்ல?" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். "உங்க பக்கத்துல இருந்தவரைக்கும் அவனுக்கு என்னண்ணே ஆச்சு? தொடையோட போச்சுல்ல? உங்களை விட்டுப் போனப்புறம்தானே போனான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள் அக்கா. நீ சொன்ன உண்மையை எடுத்து எனக்கு இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இப்போது தோளைத் தட்டுவதோடு விடுவதில்லை. ரோந்துக்கு நானும் வர வேண்டும். மழை நின்றதும் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. முன் வரிசையில் நானும் நடக்க வேண்டுமாம். கேப்டனிடம் முறையிட்டேன். "உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரமில்ல. நீங்க வரலேன்னா இவனுங்க கால் எழும்பாது, அதையும் சொல்லிடறேன்" என்றார்.

அவர்களை வெறுக்க முடிந்தால் வந்துவிடுவேன். எனக்குப் போர்த்திவிட்டுத்தான் அவர்கள் தூங்குகிறார்கள்.

தம்பி

ஜூன் 1

அன்புத் தம்பிக்கு,

இதை எல்லோருக்கும் கேட்கும்படி படி.

எனக்கு உடம்பு சரியில்லை. உனக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று இத்தனை நாள் எழுதவில்லை. வயிற்றில் கட்டி. என் வயதுப் பெண்களுக்கு வருவதுதான், விவரம் கேட்காதே. இந்த மாதமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அங்கே பையன்கள் உன்னை ராசிக்காரர் என்கிறார்கள். இந்த வீட்டில் உனக்கு முதலிலிருந்தே அந்தப் பெயர் உண்டு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நீதான் வாசலில் உட்கார்ந்திருந்தாய், அம்மா பிழைத்து வந்தாள். அப்பாவுக்கு நடந்தபோது நீ ஊரில் இல்லை, அவர் பிழைக்கவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் நான் அந்த மேஜையில் படுக்க மாட்டேன். மாமா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

தம்பிகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் அண்ணனை எனக்குக் கொஞ்ச நாள் இரவல் கொடுங்கள்.

அக்கா

ஜூன் 24

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கையெழுத்து நன்றாக இருப்பதால் கணக்கு ஆகிய நான் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதால் முன்பின் இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அப்பவே முடிவு செய்துவிட்டோம். லாரியில் ஏற மாட்டேன் என்று அவர்தான் அடம் பிடித்தார். நாங்கள்தான் தூக்கி ஏற்றினோம். அக்காவுக்கு ஒன்று என்றால் போகாமல் இருக்கலாமா? பத்து நாள் என்று சொல்லி அனுப்பினோம். அதற்கு மேல் ஆகிவிட்டதால்தான் இந்தக் கடிதம். தப்பாக நினைக்க வேண்டாம்.

அவர் போன பிறகு நாங்கள் வெளியே போகவில்லை. மழையைச் சாக்குச் சொல்லிக் கேப்டனும் தள்ளிக்கொண்டே வருகிறார். இனிமேல் தள்ள முடியாது என்கிறார். இன்று காலையில் கொஞ்சம் வெயில் அடித்தது.

ரத்தம் ஊறுவதற்குப் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொல்கிறான். அவன் பேச்சை நம்பலாம், ஊசி மட்டும்தான் அவனுக்கு ஆகாது. கனமான எதையும் தூக்காதீர்கள்.

உங்களுக்குத் தேவலையானதும் அண்ணனை அனுப்பி வையுங்கள். அவசரமில்லை. ஆனால் கொஞ்சம் சீக்கிரம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பிகள்

ஜூலை 2

கடிதங்களைப் படிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்த முதல் தாள் தங்களுக்கு மட்டும். இரண்டாவது தாளைப் பையன்களிடம் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு எந்த நோயும் இல்லை. தெரிந்துதான் அந்தக் கடிதத்தைத் தாங்கள் போக விட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தம்பி வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு நாளும் படுக்கவில்லை. கூடத்தில் கதவைப் பார்த்துப் படுக்கிறான். பையைப் பிரிக்கவில்லை. "உன் தம்பி வீட்டுக்கு வந்திருக்கானா, பஸ்ஸுக்குக் காத்திருக்கானா?" என்று என் கணவர் கேட்கிறார். பையன்களின் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஆபரேஷன் முடிஞ்சதுன்னு எப்ப எழுதப்போற?" என்றான். "முடிஞ்சா நீ போயிடுவ" என்றேன். "முடியலேன்னா அவனுங்க போயிடுவானுங்க" என்றான்.

அங்கே திரும்பி வர அனுமதிச் சீட்டுக்கு அவன் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். அது தங்கள் மேஜைக்கு வந்தால் மறுக்கச் சொல்லவில்லை. மேஜையிலேயே இருக்கட்டும்.

ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் வானிலைச் செய்தி கேட்கிறேன். தங்கள் பக்கம் மழை என்று சொன்னால்தான் அன்றைக்குச் சோறு இறங்குகிறது.

அன்புத் தம்பிகளுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனும் நானும் படித்தோம். எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை. ரத்தம் போதாது என்று மருத்துவர் தள்ளிப் போட்டுவிட்டார். அடுத்த தேதி எப்போது என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். டாக்டர் தம்பி சொன்னபடி பேரீச்சம்பழம் சாப்பிடுகிறேன். கனமாக எதையும் தூக்குவதில்லை.

வெளியே போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல்வேன். காய்ச்சல், வயிற்று வலி, கால் சுளுக்கு, எதுவாக இருந்தாலும் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு இருந்தால் ஒருவர், எல்லோருக்கும் இருந்தால் எல்லோரும். முடியவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், எனக்கு இப்போதைக்குச் சரியாகாது.

அக்கா